ஓடைக்கு அந்தப் பக்கம் ஆறு பெட்டிகள்

நமிதா வரைபடத்தைச் சமையலறைத் தரையில் விரித்தபோது, சராவதி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கானுகொப்பப் பள்ளத்தாக்கு முழுவதும் அந்தக் காகிதத்தில் இருந்தது. ஒன்பது வீட்டுப் பாக்குத் தோட்டங்கள், நடுவே ஓடை, மேட்டில் பள்ளிக்கூடம். பெட்டி வைக்கப்போகும் இடங்களில் சிவப்புப் புள்ளி. சராவதி முதலில் தன் தோட்டத்தைத் தேடிப் பிடித்தாள். பச்சைப் பசேலென்று, ஒரு புள்ளிகூட விழாமல் கிடந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், வைதேகியின் தோட்டத்தில், ஆறு.

"நம்மது அச்சுல விட்டுப்போச்சா கூசே?" என்று கேட்டாள். சின்னப் பெண்களை அவள் கூசே என்றுதான் கூப்பிடுவாள்.

விட்டுப்போகவில்லை, அப்படித்தான் வந்திருக்கிறது என்றாள் நமிதா.

நமிதாவுக்கு ஊர் தாவணகெரெ. சிவமொக்காவில் ஒரு பொறியியல் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஜனவரியிலிருந்து சராவதி வீட்டு மாடி அறையில் தங்கி, பள்ளத்தாக்கை மேடு பள்ளமாக அளந்துவந்தாள். அவளுடைய பெட்டிகள் சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ஓலையில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, காற்று எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்து, கம்பி எதுவும் இல்லாமல் ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லும். அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். கடைசியில் பள்ளிக்கூடக் கூரைமேல் இருக்கும் பெரிய பெட்டிக்குச் சேதி போய்ச் சேரும். கொளெ நோய்க்கான பருவம் கூடிவிட்டால் அங்கிருந்து எல்லா வீட்டு போனுக்கும் எச்சரிக்கை வரும். கொளெ இறங்கினால் பச்சைக் காய்கள் அழுகிக் குலை குலையாகக் கொட்டிவிடும். ஒரு வருட உழைப்பு அடைமழையில் தரைக்கு வந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை அடித்துத் தப்பிக்கலாம்.

ஆனால் கையில் இருந்தவை பதினான்கு பெட்டிகள்தான். எந்தெந்த இடத்தில் வைத்தால் எல்லாத் தோட்டத்தின் மேலும் ஒரு கண் இருக்கும், ஒரு பெட்டியின் குரல் இன்னொன்றுக்கு எட்டும் என்பதுதான் ஆராய்ச்சியே. அந்த வேலையை நமிதா தேனீக்களிடம் விட்டிருந்தாள். நிஜத் தேனீ இல்லை, கணினிக்குள் ஓடும் கணக்கு. சில தேனீக்கள் கண்ட கண்ட இடத்தில் பெட்டிகளை வைத்துப் பார்க்கும். நன்றாக அமைந்த தேனீ கூட்டுக்குத் திரும்பி ஆடிக் காட்டும். மற்றவை அதைப் பார்த்து அங்கே பறந்துபோய், கொஞ்சம் தள்ளி வைத்தால் இன்னும் தேவலையா என்று தேடும். தேறாத இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கும். இப்படி ஆயிரக்கணக்கான முறை நடக்கும் என்று நமிதா சொன்னபோது சராவதிக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. இப்போது பிடிக்கவில்லை.

"தேனீ எல்லாம் அவ வீட்டுப் பக்கமே போயிருக்கே. சோறு போட்டது நானில்ல?"

நமிதா சிரித்தாள். சராவதி சிரிக்கவில்லை.

வைதேகி அவளுடைய ஓரகத்தி. சராவதியின் கணவன் மாபலேஸ்வர ஹெக்டேயின் அண்ணன் திம்மண்ணாவின் மனைவி. பாகம் பிரித்தபோது ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவு அண்ணனுக்கும் இந்தப் பக்கத்துத் தாழ்வு தம்பிக்கும் விழுந்தது. சரிவில் காலை வெயில் முதலில் படும். தாழ்வில் பத்து மணிவரை பனி கலையாது. அன்றைக்கு ஆரம்பித்தது சராவதியின் எரிச்சல். பிறகு அதற்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது. வைதேகியின் பாக்குக்கு நிறம் கூடுதல். வைதேகியின் மருமகள் மாமியாரோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறாளாம். வைதேகி வீட்டுப் பசு கன்று போட்டால் சராவதிக்கு இடுப்பு வலித்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருடங்கள் ஆகின்றன. சாவு வீட்டிலும் பூசையிலும் பார்த்துக்கொண்டால் சேலை விலகலைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொள்வார்கள்.

இந்த ஆராய்ச்சிப் பெண் ஊருக்கு வந்தபோது, அவளைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டதே வைதேகி முந்திக்கொள்ளக் கூடாது என்றுதான். அரிசி மாவு அக்கி ரொட்டியும் மோர்த் தம்புளியுமாக மூன்று மாதம் பார்த்துக்கொண்டாள். வைதேகி ஒரே ஒரு நாள் கஷாயம் கொடுத்ததோடு சரி.

ஏன் இப்படி வந்தது என்று நமிதா பொறுமையாக விளக்கினாள். கொளெ முதலில் எந்த இடத்தில் தென்படும் என்று மார்ச்சில் எல்லா வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டாளே, அந்த இடங்களுக்குக் கணக்கில் மதிப்பு அதிகம். நோய் பிறக்கிற இடத்தில் கண் வைத்தால்தானே மற்றவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல முடியும். தேனீக்கள் அந்த மதிப்பைத்தான் பூவாக நினைத்துப் போகும்.

சராவதி வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். அன்றைக்கு இதே தரையில், இதே வரைபடத்தில், அவள் தன் விரலைக் கொண்டுபோய் வைதேகி தோட்டத்தின் மேல்தட்டில், பலா மரத்தடியில் வைத்திருந்தாள். நோய் அங்கிருந்துதான் கிளம்பி எங்கள் தலையில் இறங்குகிறது என்று சொல்லியிருந்தாள். உண்மையில் அது கிளம்புவது அவளுடைய நாகபனத்து மூலையில். நாகக் கற்கள் இருக்கும் அந்தத் துண்டுக் காட்டில் ஒரு கிளையைக்கூட யாரும் வெட்டமாட்டார்கள். அதன் நிழலில் ஈரம் காய்வதே இல்லை. வருடா வருடம் முதல் காய் அங்கேதான் கறுக்கும். ஊருக்குத் தெரியக் கூடாதென்று விடியுமுன் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

"நான் சொன்னேன்னு அப்படியே எழுதிக்கிட்டியா?" என்று மெல்லக் கேட்டாள்.

"உங்க பேச்சை மட்டும் வெச்சு இல்ல சின்னம்மா. அவங்களும் அதே பலா மரத்தைத்தான் காட்டினாங்க. ரெண்டு வீடும் ஒத்துச் சொன்ன ஒரே இடம் அதுதான். அதனாலதான் அதுக்கு அவ்வளவு மதிப்பு."

வைதேகி தன் தோட்டத்தையே காட்டினாளா. சராவதிக்கு முதலில் புரியவில்லை. மாடு கறக்கும்போதும் புரியவில்லை. மறுநாள் துணி துவைக்கையில் பிடிபட்டது. முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டபோது வைதேகி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நோய் இருக்கிற இடத்துக்குத்தான் பெட்டி வருமா என்று. ஆமாம் என்று நமிதா சொன்னாள். அப்போது சராவதி, கேள்வியைப் பார் என்று மனதுக்குள் பழித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கள்ளி அங்கேயே கணக்குப் போட்டுவிட்டாள். பெட்டிக்காகத் தன் தோட்டத்துக்குத் தானே நோயைச் சொல்லிக்கொண்டாள். கெடுப்பதாக நினைத்துத் தான் சொன்ன பொய், அவள் பொய்க்குச் சாட்சியாகப் போய் நின்றிருக்கிறது. துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள் சராவதி. பெட்டி போனதைவிட, அந்தப் புத்தி தனக்கு வராமல் போனதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் பெட்டிகளைக் கட்டினார்கள். தோட்டக்கலை அதிகாரி ஜீப்பில் வந்தார். வைதேகி பட்டுச் சேலையில், பலா மரத்தடிக் கம்பத்தில் கை வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். சாகராவிலிருந்து வரும் பத்திரிகையில் அது வெளிவந்தது. முன்மாதிரி விவசாயி என்று போட்டிருந்தார்கள். மாபலேஸ்வரன் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, வைதேகி அத்திகெ படத்தில் நன்றாக விழுந்திருக்கிறாள் என்று யதார்த்தமாகச் சொன்னான். அன்று அவனுக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. கேட்கவும் அவன் துணியவில்லை.

மே மாதத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில் சராவதி நமிதாவைக் கூப்பிட்டாள். செருப்பைப் போட்டுக்கொள், ஒரு இடத்துக்குப் போகலாம் என்றாள். நேராக நாகபனத்து மூலைக்கு அழைத்துப்போனாள். நேர்மை ஒன்றும் அவளைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. நோய் இருக்கிறவளுக்குத்தான் பெட்டி என்றால் தன்னிடம் இருக்கும் நோய்க்கு முன்னால் வைதேகியின் நோய் எம்மாத்திரம் என்ற வேகம்தான். தலை போன மரங்களைத் தட்டிக் காட்டினாள். போன வருடத்து அழுகல் காய்களைப் புதைத்த குழியைக் காட்டினாள். பாரு, பத்து மணியாகியும் ஓலையில் தண்ணீர் சொட்டுகிறது, இதுதான் தாய் வீடு, கொளெ இங்கேதான் பிறக்கும் என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் கிட்டத்தட்ட ஒரு பெருமையே வந்துவிட்டது.

நமிதா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அப்போ மார்ச்ல சொன்னது?"

"பொய்."

"அவங்க சொன்னது?"

"அதுவும் பொய். அவ பொய்யும் என் பொய்யும் ஒண்ணாப் போச்சு. அதான் உன் தேனீ நம்பிடுச்சு."

நமிதாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு மாத வேலை, வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்ட அறிக்கை, கட்டி முடித்த கம்பங்கள். தேனீக்களைக் குறை சொல்லி என்ன பயன், நீங்கள் காட்டிய பூவுக்குத்தானே அவை போகும் என்று மட்டும் சொன்னாள். சராவதியால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சமாதானமாக ஏதாவது சொல்லத் தோன்றியது. வாயில் வந்ததோ, வா, அவளையே கேட்டுவிடலாம் என்பதுதான்.

இருவரும் ஓடையின் மேல் கிடந்த ஒற்றை மரப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். வைதேகி முற்றத்தில் பலாப்பழ அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் எழுந்திருக்கவில்லை.

"என்ன மாராய்தி, மகராசிக்கு வழி தப்பிப்போச்சா?"

"கொளெ எங்க மூலையிலதான் ஆரம்பிக்கும்னு உனக்குத் தெரியும்ல அக்கா? தெரிஞ்சும் உன் மேல்தட்டைக் காட்டியிருக்க."

வைதேகி ஒரு அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

"காட்டினேன். என் தோட்டத்தைக் காட்டினேன். நீ யார் தோட்டத்தைக் காட்டின?"

நமிதா இருவருக்கும் நடுவில் நின்று, இனிமேல் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை, கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்றாள். அதைக் கேட்டதும் இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். பெட்டி மொத்தமாகப் போய்விடும் என்ற பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வைதேகி, தன் தோட்டத்திலும் நோய் இல்லாமல் இல்லை, வடக்குக் கோடியில் ஒரு வரிசையே போயிற்று, வீட்டுக்காரர் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்தார் என்றாள். ஒரு வரிசைதானா, எனக்கு ஒரு பாத்தியே போயிற்று என்றாள் சராவதி. அந்த வருடம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று ஊரில் சொன்னோமே, காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை, மரத்தைப் பார்க்க முடியாமல் பதினைந்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார் என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

வைதேகி அப்பளத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "மாபலனா? எங்களுக்குத் தெரியாதே" என்றாள். அதில் குத்தல் இல்லை. அது இல்லாததும் சராவதிக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

நமிதா மெதுவாகத் தோள்பையிலிருந்து வரைபடத்தை எடுத்தாள்.

சேதி பரவியதும் மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து தாங்கள் காட்டிய இடத்தைத் திருத்தினார்கள். பாதிப் பேர் நோயே இல்லை என்றிருந்தார்கள், மீதிப் பேர் பக்கத்துத் தோட்டத்தைக் காட்டியிருந்தார்கள். நமிதா தேனீக்களைப் புதிதாகப் பறக்கவிட்டாள். இந்த முறை நாகபனத்து மூலைக்கு இரண்டு பெட்டிகள் வந்தன. வைதேகிக்கு இரண்டு நின்றன. அவள் தோட்டத்திலிருந்து நாலு கம்பங்களைப் பிடுங்கியபோது சராவதி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கு இரண்டு என்பதில் அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. மூன்று வந்திருக்கலாம்.

ஒரு சிக்கல் வந்தது. நனைந்த ஓலைகள் பெட்டியின் குரலை விழுங்கிவிடுகின்றன. மழையில் தாழ்வு மூலையின் சேதி மேட்டுக்கு ஏறாது. நடுவில் ஒரு பெட்டி அந்தச் சேதியை வாங்கி மேலே கடத்த வேண்டும். அதற்கு எத்தனை முறை பறக்கவிட்டாலும் தேனீக்கள் ஒரே இடத்தில்தான் போய் உட்கார்ந்தன. ஓடைக் கரையில் நின்ற மிடி மாமரத்தில். பாகம் பிரித்தபோது அந்த மரத்தை மட்டும் யார் பேரிலும் எழுதவில்லை. ஊறுகாய் மாவடுவுக்குப் பேர்போன மரம். இரண்டு வீடும் அதைத் தனதென்று சொல்லும், இரண்டு வீடும் மற்றவர் சண்டைக்கு வருவார்களென்று பறிக்காமல் விடும், குரங்கு தின்னும். பெட்டிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, மரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்று நமிதா கறாராகச் சொல்லிவிட்டாள். ஏணி சராவதி வீட்டிலிருந்தும் கயிறு வைதேகி வீட்டிலிருந்தும் வந்தன. தன் ஏணி இல்லாவிட்டால் ஏறியிருக்க முடியாது என்று சராவதி கணவனிடம் இரண்டு முறை சொன்னாள்.

ஜூனில் முதல் மருந்து எல்லாத் தோட்டத்திலும் அடித்தாயிற்று. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜூலையில் ஒரு நாள், மழை சற்று விட்டிருந்த காலையில், போன் சிணுங்கியது. நாகபனத்து மூலையில் ஓலை காயவே இல்லை, நோய்ப் பருவம் கூடிவிட்டது, வெறிப்பு இருக்கும்போதே இரண்டாவது மருந்தை அடித்துவிடுங்கள். ஒன்பது வீட்டுக்கும் ஒரே சமயத்தில் அந்தச் சேதி போயிருந்தது. சராவதி முதலில் நினைத்தது, என் மூலையின் செய்தி அவளுக்கும் சும்மா போகிறதே என்றுதான். அடுத்துத்தான் பயம் வந்தது.

மரம் ஏறி மருந்தடிக்க அந்த வட்டாரத்தில் ஈரப்பா ஒருவன்தான். அன்றைக்கு வரும்படி அவனிடம் வைதேகி முன்பே சொல்லிவைத்திருந்தாள். போய்க் கேளேன் என்றான் மாபலேஸ்வரன். கேட்கமாட்டேன் என்றாள். நான் போய்க் கேட்கிறேன் என்றான். நீங்களும் போகக் கூடாது என்றாள். கூடத்தில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

சிறிது நேரத்தில் ஈரப்பா மருந்துப் பீப்பாயை இன்னொரு ஆளோடு தூக்கிக்கொண்டு மரப் பாலத்தைத் தாண்டி வந்தான்.

"பெரியம்மா அனுப்பிச்சாங்க. முதல்ல உங்க மூலையை முடிச்சிட்டு வரச் சொன்னாங்க."

சராவதிக்கு உயிர் வந்தது. கூடவே மார்பில் ஒரு எரிச்சலும் ஏறியது. சரிவு அவளுக்கு, படம் அவளுக்கு, இப்போது நல்லவள் என்ற பெயரும் அவளுக்கா. ஈரப்பா மேலே ஏறி மருந்தடிக்க, அவள் கீழே நின்று, இந்தப் பெண்பிள்ளை இதிலும் முந்திக்கொண்டாளே என்று பொருமினாள். ஆனாலும் அவனிடம், சீக்கிரம் முடி, அந்தப் பக்கமும் போக வேண்டும் என்று மூன்று தரம் அவசரப்படுத்தினாள்.

அவன் அந்தப் பக்கம் போய்ப் பாதித் தோட்டம் முடிப்பதற்குள் மழை இறங்கிவிட்டது. பத்து நாள் விடவில்லை. நாகபனத்து மூலை அந்த வருடம் தப்பியது. கல்யாணமாகி வந்த நாளாக அவள் பார்க்காத அதிசயமாக, குலைகள் பச்சையாக நின்றன. வைதேகியின் மேல்தட்டில், மருந்து எட்டாத பலா மரத்தடியில்தான் காய் கொட்டியது. அந்தக் கணக்கையும் நமிதா குறித்துக்கொண்டாள். அவள் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே இதற்காகப் போயிற்று.

மழை கொஞ்சம் தளர்ந்ததும் சராவதி கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று மாபலேஸ்வரன் கேட்டதற்கு, பெட்டி எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். பெட்டியைப் பார்க்கக் கூடை எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

மேல்தட்டில் வைதேகி தனியாகக் குனிந்து, அழுகிய காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விட்டுவைத்தால் நோய் மற்ற மரங்களுக்கும் ஏறிவிடும். சராவதியைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பாதித் தலை நரைத்துவிட்டது என்பதை சராவதி அப்போதுதான் கவனித்தாள்.

"நீ ஏன் அவனை அனுப்பின?" என்று கேட்டாள். நன்றியாகச் சொல்ல நினைத்தது சண்டைபோலத்தான் வந்தது.

"அங்க பத்திக்கிட்டா இங்கயும்தானே வரும்" என்றாள் வைதேகி. பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "மாபலன் மறுபடி வீட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கக் கூடாதுன்னும் இருந்துச்சு" என்றாள்.

சராவதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுக்கு அடுத்த வரிசையில் குனிந்தாள். காய்கள் வழவழவென்று கையில் நழுவின, நாற்றம் குடலைப் பிடுங்கியது. இருவரும் ஆளுக்கொரு வரிசையாகப் பொறுக்கினார்கள். மரங்களுக்குப் பின்னால் எங்கோ நமிதா போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். சற்றுக் கழித்து சராவதி ஓரக்கண்ணால் பார்த்தாள். வைதேகியின் கூடை விளிம்புவரை நிறைந்துவிட்டது. தன்னுடையது பாதிதான். அவள் இன்னும் குனிந்து, இரண்டு கையாலும் பொறுக்க ஆரம்பித்தாள்.